தோளில் சுமந்த சோறு

உணவைப் பற்றிக் கட்டுரை வரைதல் தமிழாசிரியர்க்குத் தகுமோ என்று சிலர் ஐயுறக்கூடும். மதுரை மாநகரின் வீதிகளையும் பகலங்காடியையும் இரவங்காடியையும் விரித்துரைத்த மாங்குடி மருதனார் ஆங்கே தின்பண்டம் விற்போரையும் மறந்தாரல்லர். பூம்புகார்த் துறையில் வந்திறங்கிய பொருள்களை எண்ணிக்காட்டும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளையும் காழகத்துச் செல்வத்தையும் தவறாது குறிப்பிடுகின்றது. காழகம் என்பது கடாரமே என்பார் நச்சினார்க்கினியர். கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளின் உணவு நம் இலக்கியத்திற்கு அயலானதன்று. ஆதலின் மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, வீட்டுக்கு வெளியே நாம் உண்ட ஆசிய நாட்டு உணவுகளைப் பற்றி எழுதலாம் எனத் துணிந்தோம். எவற்றைத் தேடிச் சுவைக்கலாம் என்பதை மாணவர்க்குச் சொல்வதே முதல் நோக்கம். எழுதத் தொடங்கிய பின்னரே, சொல்லவேண்டியது பிறிதொன்றும் உண்டு என்பதை உணர்ந்தோம்.

எம்மூர் நாகூரை அடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூர். எம் பாட்டனார் 'ரஜூலா' கப்பலில் பினாங்கு சென்றவர். எம் வாப்பா 1976ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பலேறினார். 1985ஆம் ஆண்டு நேர்ந்த தீ விபத்துக்குப் பின் அக்கப்பல் அவ்வழியில் ஓடவில்லை. அதன்பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வானூர்தியில் வந்துபோனார். 1999இல் ஊரோடு தங்கினார். 2012இல் இறையடி சேர்ந்தார். பினாங்கில் என்ன வேலை என்று பள்ளியில் ஆசிரியர் கேட்டால், "கடை வைத்திருக்கிறார்" என்று விடையிறுப்போம். உண்மையில் கடை அவருடையதன்று. அங்கே அவர் சோறு பரிமாறினார்.

அவர் எழுதிய நீலநிற விமானத் தாள்கள் யாவும் ஒரே வினாவோடு தொடங்கும்: "பசியாறினீர்களா?" எம் மக்கள் காலை உணவைப் பசியாறுதல் என்பர். மலேசியத் தமிழர் பிறரும் இன்றளவும் அவ்வாறே வழங்குகின்றனர் என்பதைப் பின்னாளில் அறிந்து மகிழ்ந்தோம். ஆனால், "நீங்கள் பசியாறினீர்களா?" என்று நாம் ஒருநாளும் திருப்பி எழுதியதில்லை.

2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் மனைவியுடன் பினாங்கு செல்லும் வாய்ப்புக் கிட்டியது. பினாங்குத் தீவு, சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடா நிலத்தை அடுத்துக் கடலில் கிடப்பது. 1786இல் ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் கண்டனர். அதன் ஜார்ஜ் டவுன் நகரை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்நகரில் 'சூலியா வீதி' என ஒரு நெடுந்தெரு உண்டு. சூலியா என்பது தமிழ் முஸ்லிம் வணிகரைப் பழங்காலத்தில் குறித்த பெயர். அத்தெருவை ஒட்டியே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த சிறு தர்காவும் உள்ளன. மனைவி அதைக் கண்டதும், "என்ன மச்சான், நாகூர்லேயே இறங்கிட்டோமா?" என்று கேட்டு நகைத்தாள்.

வெளிநாட்டில் உண்ணப் புகும் எம்மனோர்க்கு, 'எது சுவை?' என்ற வினாவுக்கு முன்னே 'எது ஹலால்?' என்ற வினா வந்து நிற்கும். சில நாடுகளில் அவ்வினா எம்மை ரொட்டியோடும் பழத்தோடும் நிறுத்திவிடும். பினாங்கில் அவ்வினாவே எம்மை எம்மவர் அடுப்படிக்கு அழைத்துச் சென்றது.

முதலில் சுவைக்கத் தக்கது 'நாசி கண்டார்'. மலாய் மொழியில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமத்தல். நம் காவடி போன்ற தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பாத்திரமும் மறுமுனையில் கறிப் பாத்திரமும் தொங்கவிட்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்றனர். தோளிலிருந்து இறங்கி அச்சோறு கடைக்குள் புகுந்த பின்னரும் பெயர் மட்டும் மாறவில்லை. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் அவ்வகைக் கடைகளுள் இன்றும் நடைபெறும் மூத்த கடை.

நாசி கண்டார் உண்ணும் முறை தனித்தன்மையுடையது. தட்டில் வெண்சோறு வைத்தபின், நாம் கைகாட்டும் பொருள்கள் மேலேறும். பொரித்த கோழி, ஆட்டுக்கறி, கணவாய், மீன்தலைக் கறி, மீன்சினை, வெண்டைக்காய் என வரிசை நீளும். அதன்பின் பரிமாறுபவர் ஒரு பாத்திரத்து ஆணத்தை ஒரு கரண்டி, மற்றொன்றில் ஒரு கரண்டி, வேறொன்றில் ஒரு கரண்டி என மாறிமாறி ஊற்றுவார். இக்கலப்பே இவ்வுணவின் உயிர். சோறு மூழ்கும்படி ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்' என்று கூறினால் போதும். மலாயில் அது வெள்ளம் எனப் பொருள்படும். முதன்முறை செல்வோர், "எந்த ஆணம் ஊற்ற?" என்று கேட்கப்பட்டால், "உங்கள் கை போல" என்று விட்டுவிடுக. எதனோடு எது சேரும் என்பதை அக்கை அறியும்.

அடுத்தது 'மீ கோரேங்'. சீனர் தந்த மீ, மலாயர் தந்த பெயர், தமிழ் முஸ்லிம்களின் மசாலா ஆகிய மூன்றும் ஓர் இரும்புச் சட்டியில் கலப்பது அது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து வதக்கி, எலுமிச்சைத் துண்டுடன் தருவர். 'பசெம்பூர்' என்பது வெள்ளரிக்காய்த் துருவல், பொரித்த மாவுப் பண்டங்கள், இறால் பொரியல் ஆகியவற்றின்மீது சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த இனிப்புக் காரக் குழம்பை ஊற்றித் தருவது. அதிலுள்ள இறால் பொரியலைக் கடித்த மனைவி, "இது நம்மூர் வாடாவேதான்" என்றாள். நாகூரிலும் காரைக்காலிலும் மாலையில் விற்கும் இறால் வாடாவை உண்டவர்க்கு அவ்வுறவு விளங்கும்.

'முர்தபா' என்பது முட்டையும் கொத்திறைச்சியும் வெங்காயமும் உள்ளே வைத்து மடித்துச் சுடும் ரொட்டி. மடிக்கப்பட்டது எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் நடைபெறும் சம்சம் உணவகம் இதற்குப் பெயர்பெற்றது. 'தே தாரிக்' என்பது இழுத்த தேநீர். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குக் கை நீளத்துக்கு ஆற்றி நுரை பொங்கத் தருவர். இத்தகைய கடைகளை மலேசியர் 'மாமாக்' கடை என்பர். 'மாமா' என்னும் நம் உறவுச்சொல்லே அவ்வாறு ஆயிற்று. ஒரு நாட்டு மக்கள் தமக்குச் சோறிடுவோரை மாமா என்று அழைத்து, அதையே கடைக்கும் பெயராக்கினர் என எண்ணுகையில் தமிழாசிரியர் நெஞ்சம் குளிராதிருக்குமோ? கெடாய், கறி, பெட்டி, கட்டில் எனும் சொற்களும் கடல் கடந்து அம்மொழியில் குடியேறியவையே. அங்கிருந்து நாம் பெற்றதும் உண்டு. ஜாவா அரிசியே நம் ஜவ்வரிசி. எம் வீடுகளில் அரைக்கும் சம்பாலும் மலாயச் சொல்லே.

மலாயர் சமைப்பவற்றுள் 'நாசி லெமாக்' காலையுணவுக்கு ஏற்றது. தேங்காய்ப்பாலில் ரம்பை இலையிட்டு வடித்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை, காரச் சம்பால் யாவும் வாழையிலையில் பொதிந்து கிடைக்கும். 'ரெண்டாங்' என்பது சுமத்திரா தீவின் மேற்குப்பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்களின் கைவண்ணம். மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் நீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை பல மணிநேரம் சிறுதீயில் வேகவிடுவர். அம்மக்களின் பாடாங் உணவகங்களில் அமர்ந்தவுடன் பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளைக் கேளாமலே மேசையில் பரப்பிவிடுவர். கண்டு அஞ்சவேண்டா, தொட்டதற்கு மட்டுமே விலை.

தாய்லாந்து உணவில் 'தொம் யாம்' என்னும் புளிப்புக் காரச் சாறு பெயர்பெற்றது. எலுமிச்சைப்புல், அரத்தை, எலுமிச்சை இனத்து இலை ஆகியவை அதற்கு மணமூட்டுவன. தென்தாய்லாந்து முஸ்லிம்கள் நடத்தும் தொம் யாம் கடைகள் மலேசியாவெங்கும் உள. அந்நாட்டின் 'மசமன்' குழம்பில் பட்டையும் ஏலமும் வேர்க்கடலையும் சேரும். முசல்மான் என்ற சொல்லின் திரிபே அப்பெயர் என்பர். கோலாலம்பூரில் சீன முஸ்லிம்களின் 'லான்சோ' மாட்டிறைச்சி மீயும் உண்டோம். மாவு உருண்டையை இரு கைகளாலும் இழுத்து மடித்து, மீண்டும் இழுத்து, நம் கண்முன்னே நூறு இழைகளாக்கிக் கொதிநீரில் இடுகின்றனர். தேநீரை இழுப்பது தமிழர் கை. மாவை இழுப்பது சீனர் கை. இரண்டுக்கும் மலாயில் 'தாரிக்' என்ற ஒரே சொல்தான்.

கடல் கடக்க இயலாதோர் வருந்தவேண்டா. சென்னைப் பாரிமுனையை அடுத்த தெருக்களில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொணர்ந்த 'அத்தோ' மாலைதோறும் கிடைக்கின்றது. 1962இல் பர்மாவில் படையாட்சி வந்தபின், வணிகமும் வாழ்வும் இழந்து பல்லாயிரம் தமிழர் கப்பலேறினர். அவர்கள் மீட்டுக் கொணர முடிந்தவற்றுள் ஒன்று நாக்கின் நினைவு. மீயோடு முட்டைகோசு, வறுத்த வெங்காயம், புளிநீர், பூண்டெண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்து தருவர். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு. உடைமையை இழந்தவர் உணவைக் கொண்டு மீண்டும் நிமிர்ந்த வரலாறு அத்தட்டில் இருக்கின்றது.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் பினாங்கில் நாம் கண்டதைச் சொல்லாவிடின் இது முழுமையன்று.

வாப்பா வேலை பார்த்த கடையைத் தேடினோம். அவ்விடத்தில் இப்போது கைப்பேசிக் கடை உள்ளது. இரண்டு தெரு தள்ளியிருந்த வேறொரு நாசி கண்டார் கடையில் பிற்பகல் மூன்று மணியளவில் அமர்ந்தோம். கூட்டம் குறைந்திருந்தது. எமக்குப் பரிமாறிய பெரியவர்க்கு அறுபது வயதிருக்கும். "ஊர்லேருந்தா தம்பி?" என்று கேட்டார். ஆம் என்றோம். எம் தட்டில் கேளாமலே ஒரு மீன்சினைத் துண்டை வைத்துவிட்டுச் சென்றார்.

நாம் உண்டுகொண்டிருக்கையில் அவர் தமக்கும் ஒரு தட்டில் சோறிட்டுக்கொண்டார். கறிப் பாத்திரங்களின் அடியில் கிடந்ததைச் சுரண்டிப் போட்டுக்கொண்டார். பின்னர்ச் சுவரோரம் சாய்ந்து, நின்றபடியே உண்ணத் தொடங்கினார். கண் மட்டும் வாயிலை நோக்கியவாறு இருந்தது. எவரோ ஒருவர் உள்ளே வந்ததும் தட்டை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கரண்டியை எடுத்தார். அவரை அனுப்பிவிட்டு மீண்டும் தட்டை எடுத்தார். பின் மற்றொருவர் வந்தார். அவ்வொரு தட்டுச் சோற்றை அவர் நான்கு முறை விட்டு விட்டு உண்டதை எண்ணினோம்.

எமக்கு உணவு தொண்டைக்குள் இறங்கவில்லை.

எம் வாப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் நின்றுகொண்டே உண்பார். உம்மா பாய் விரித்து, தஸ்தர்கான் பரப்பி, பிள்ளைகளைச் சுற்றி அமரவைத்து அழைப்பார். வாப்பா ஐந்து நிமிடம் உட்காருவார். பிறகு தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அடுக்களை வாயிலில் போய் நிற்பார். வேகவேகமாக உண்பார். தெருவில் காலடியோசை கேட்டால் தட்டைச் சட்டெனக் கீழே வைப்பார். எமக்கு அது வேடிக்கையாகவும், வளர வளர வெட்கமாகவும் இருந்தது.

நாம் பத்தாம் வகுப்புப் பயின்ற 1994ஆம் ஆண்டு. எம்முடன் பயின்ற நண்பன் ஒருவன் விருந்துக்கு வந்திருந்தான். அன்றும் வாப்பா தட்டோடு எழுந்து நின்றார். மதரஸாவில் ஓதியிருந்த செருக்கில், நண்பன் முன்னிலையிலேயே, "உட்கார்ந்து சாப்பிடுறதுதான் சுன்னத்து வாப்பா. இத்தனை வருசம் வெளிநாட்டுல இருந்தும் சாப்பிடத் தெரியலையே" என்று சொல்லிவிட்டோம். உம்மாவின் முகம் இருண்டது. வாப்பா சினக்கவில்லை. மெல்ல வந்து அமர்ந்தார். "கால் பழகிப்போச்சு தம்பி" என்றார். இரண்டு கவளம் உண்டார். போதும் என எழுந்துவிட்டார். அந்த விடுமுறை முடியும் வரை அவர் எம்மோடு சேர்ந்து உண்ணவில்லை. நாம் பள்ளிக்குச் சென்றபின் உண்டார் என உம்மா பின்னர்க் கூறினார்.

கால் பழகிப்போச்சு என்ற அச்சொற்களின் பொருளை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்தச் சுவரோரம் நின்ற பெரியவரே எமக்கு உரைத்தார். நிகண்டும் உரையும் கற்று இளமுனைவர் பட்டமும் பெற்ற எமக்கு, தந்தை சொன்ன மூன்று சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் பிறர் அமர்ந்து உண்பதற்காக நின்றவரிடம் அமரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர் நின்ற நிலையில்தான் எம் கல்லூரிக் கட்டணம் வந்தது. அக்காவின் நிக்காஹ் நடந்தது. வீட்டுக்கு ஓடு போய்த் தளம் வந்தது.

மனைவி எம் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேளாமல் தண்ணீர்க் குவளையை எம் பக்கம் நகர்த்தினாள். நாம் எழுந்து அப்பெரியவரிடம் சென்றோம். "நீங்களும் எங்களோட வந்து உட்காருங்க மாமா. ஆறப்போட்டுச் சாப்பிடுறீங்களே" என்றோம். அவர் சிரித்தார். "உட்கார்ந்தா எழுந்திரிக்க மனசு வராது தம்பி. இன்னும் ராத்திரி வேலை கெடக்கு" என்றார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டோம். மூவர் என்றும், இளையவன் ஊரில் பொறியியல் படிக்கிறான் என்றும் கூறினார். அதைக் கூறும்போது மட்டும் சற்றே நிமிர்ந்து நின்றார்.

எம் மேசைக்கு வந்த தே தாரிக்கை எடுத்துக்கொண்டு அவரருகே சென்று சுவரில் சாய்ந்து நின்றோம். அவர் உண்டு முடிக்கும் வரை நாமும் நின்றபடியே தேநீரைப் பருகினோம். இருவரும் மிகுதியாகப் பேசிக்கொள்ளவில்லை. விடைபெறும்போது அவரே கேட்டார்: "நல்லாப் பசியாறுனீங்களா?" ஆறினோம் என்றோம். "நீங்க?" என்று கேட்டோம். வாப்பாவின் மடல்களுக்கு எழுதாது விட்ட அவ்வினாவை வேறொருவரிடமேனும் கேட்க வாய்த்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறி அவர் கரண்டியைக் கையிலெடுத்தார்.

அன்பு மாணவர்களே! உங்களுள் பலர் நாளை வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் செல்வீர்கள். நாம் மேலே சொன்ன உணவுகளைத் தேடிச் சுவையுங்கள். பஞ்சிர் என்று கேட்டு வாங்குங்கள். ரெண்டாங்கைப் பொறுமையோடு மெல்லுங்கள். தொம் யாமின் காரத்துக்குக் கண்ணீர் விடுங்கள். உண்டு முடித்து எழுமுன் பரிமாறியவர் பக்கம் ஒருமுறை திரும்பி, அவர் பசியாறினாரா என்று கேளுங்கள். ஊரிலிருந்து வரும் மடலிலோ தொலைபேசியிலோ உங்கள் தந்தையார் அவ்வாறு கேட்டால், விடை கூறிய கையோடு அதே வினாவை அவரிடமும் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.